சிடிஎக்ஸ்-2 கூடியிருந்தால் முழங்கால் கரைகிறது என்று பொருளா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஆத்தாவுக்கு 68 வயது, பள்ளத்தூர் வீட்டில் இருக்கிறார். இரண்டு முழங்காலிலும் ஐந்து வருடமாக வலி. எக்ஸ்ரேயில் இரண்டாம் நிலைத் தேய்மானம். வீட்டுக்கே வந்து ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் போன ஒரு ஆய்வகம், மூட்டுப் பரிசோதனைத் தொகுப்பு என்று ஓர் அறிக்கை அனுப்பியிருக்கிறது. அதில் சிறுநீர் சிடிஎக்ஸ்-2 (குருத்தெலும்புக் கொலாஜனின் துண்டு), ரத்த சிடிஎக்ஸ் (680 பிகோகிராம்), காம்ப் மூன்றுக்கும் மேல்நோக்கிய அம்புக்குறி. ஹயலுரோனிக் அமிலம் கொஞ்சம் கூடுதல். பி1என்பி 62, அது சரி. அழற்சியைக் காட்டும் சிஆர்பி, முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் இரண்டும் சரி. வைட்டமின் டி 14. "குருத்தெலும்பு வேகமாகக் கரைகிறது, கொலாஜன் பவுடரும் மூட்டு ஊசியும் உடனே தொடங்குங்கள்" என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் கேட்கிறார்: இந்த எண்களை எப்படிப் படிப்பது? நிஜமாகவே கரைகிறதா?

தம்பி, முதலில் பதற்றத்தைக் கீழே வையுங்கள். காரைக்குடிப் பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாக உயிர்வேதியியல் ஆய்வக வேலையில் இருக்கிறேன். எலும்புக் குறியான்களை, அதாவது எலும்பின் நிலையைக் காட்டும் ரத்த, சிறுநீர்ப் பொருள்களை அளப்பதும், அளந்த எண்ணை மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் என் அன்றாட வேலை. நீங்கள் எழுதியிருக்கும் எண்களில் ஆச்சியின் முழங்கால் கரைவதற்கான சாட்சி எதுவும் இல்லை. ஆனால் அந்த அறிக்கையில் கவனிக்க வேண்டிய ஒரு எண் இருக்கிறது. போனில் பேசியவர்கள் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருப்பீர்கள். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். பர்மா தேக்குத் தூண், செதுக்கு வேலை செய்த நிலை, ஜன்னல் கம்பி, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு எல்லாம் வாசல் வரை அடுக்கியிருப்பார்கள். ஒரு நாள் அங்கே வழக்கத்தை விட நிறையத் தூண்கள் வந்து இறங்கியிருந்தால், எங்கோ ஒரு வீட்டைப் பிரித்திருக்கிறார்கள் என்று தெரியும். எந்த ஊர், எந்த வீடு என்று தெரியுமா? முழு வீட்டையும் பிரிக்கிறார்களா, இல்லை, ஹோட்டல் ஆக்குவதற்காகச் செல்லரித்த இரண்டு தூணை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு வைக்கிறார்களா? கடைத்தெருவில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது. ரத்தமும் சிறுநீரும் உடம்பின் கடைத்தெரு. நாங்கள் அளப்பது அங்கே வந்து சேரும் துண்டுகளை மட்டும்தான்.

இனி ஒவ்வொரு துண்டாக எடுத்துக்கொள்வோம்.

குருத்தெலும்பின் சட்டம் இரண்டாம் வகைக் கொலாஜன். அந்த இழைகளுக்கு நடுவே அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, பாரம் விழும்போது மெத்தை போலத் தாங்குகிறது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தேய்மான நோயில் சில நொதிகள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. எம்எம்பி-13 கொலாஜனை வெட்டுகிறது, ஆடம்ட்ஸ்-4, ஆடம்ட்ஸ்-5 இரண்டும் அக்ரிகனை வெட்டுகின்றன. கொலாஜன் இழையின் வால் பகுதியிலிருந்து அறுந்து வரும் ஒரு சிறு துண்டுதான் சிடிஎக்ஸ்-2. அது மூட்டுத் திரவத்தில் இறங்கி, ரத்தத்துக்குப் போய், சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது. அதனால்தான் அதைச் சிறுநீரில் அளக்கிறோம்.

கேட்பதற்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் வகைக் கொலாஜன் முழங்காலில் மட்டும் இல்லை. இடுப்பு மூட்டு, தோள், விரல் கணுக்கள், முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் வட்டுகள் எல்லாவற்றிலும் உண்டு. 68 வயதில் கழுத்திலோ இடுப்பிலோ வட்டுத் தேய்மானம் இல்லாதவர்கள் அபூர்வம். ஆச்சியின் விரல் நுனிக் கணுக்களில் கெட்டியான சிறு முடிச்சுகள் இருக்கின்றனவா என்று அடுத்த முறை வீடியோவில் பேசும்போது பாருங்கள். இருந்தால் அந்த மூட்டுகளும் சிடிஎக்ஸ்-2க்குப் பங்கு போடுகின்றன. சிறுநீரில் வருவது அத்தனை மூட்டுகளின் கூட்டுத்தொகை. அதை முழங்காலின் கணக்கில் மட்டும் எழுத வழியில்லை.

இதை விட முக்கியமான சந்தேகம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பார்கள். மேலே நாம் மிதிக்கும் வழுவழுப்பான வண்ணப் பரப்பு, அதன் கீழே காரை, அதன் கீழே தளம். முழங்காலிலும் அப்படித்தான். மேலே வழுக்கும் குருத்தெலும்பு, கீழே எலும்பு, இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்பேறிய குருத்தெலும்பு என்று ஒரு மெல்லிய படலம். சிடிஎக்ஸ்-2இன் கணிசமான பங்கு மேல் பரப்பிலிருந்து வராமல் இந்த நடுப் படலத்திலிருந்து வருகிறது என்று நினைக்கப் பலமான காரணங்கள் இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு எலும்புச் சிதைவு கூடும்போது சிடிஎக்ஸ்-2உம் சேர்ந்து கூடுகிறது. எலும்புச் சிதைவை நிறுத்தும் மருந்து கொடுத்தால் இதுவும் சேர்ந்து இறங்குகிறது. குருத்தெலும்பின் பெயரைச் சுமந்துகொண்டு எலும்போடு கைகோத்து நடக்கும் எண் இது. சிடிஎக்ஸ்-2 கூடியிருந்தால் மேல் கல் தேய்கிறது என்று வாசிப்பதற்கு முன்னால், கீழே காரை உதிர்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

அப்புறம் ஒரு கணக்கு. சிறுநீர் சில வேளை நீர்த்திருக்கும், சில வேளை கெட்டியாக இருக்கும். அதைச் சரிக்கட்ட சிடிஎக்ஸ்-2ஐ அதே சிறுநீரில் உள்ள கிரியேட்டினினால் வகுத்துத் தருகிறோம். கிரியேட்டினின் வருவது தசையிலிருந்து. வயதாகி, நடமாட்டம் குறைந்து, தொடையும் கையும் மெலிந்தால் கிரியேட்டினின் குறையும். துண்டின் அளவு மாறாமலே இருந்து, வகுக்கும் எண் 9 மில்லிமோலிலிருந்து 6 ஆகக் குறைந்தால், விடை ஒன்றரை மடங்கு ஆகிவிடும். ஒல்லியான வயதான பெண்களின் அறிக்கையில் இந்த அம்புக்குறியை நான் நிறையப் பார்க்கிறேன். அங்கே குறைந்தது தசை. அம்புக்குறி நிற்பதோ குருத்தெலும்பின் பெயருக்கு நேராக.

அடுத்தது ரத்த சிடிஎக்ஸ். முழுப் பெயர் சிடிஎக்ஸ்-1. இது எலும்பின் முதல் வகைக் கொலாஜன் துண்டு, இதற்கும் குருத்தெலும்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எலும்பு என்பது எப்போதும் மராமத்து நடக்கும் வீடு. ஒரு பக்கம் பழைய உத்தரத்தை இறக்குவார்கள், அதை சிடிஎக்ஸ்-1 காட்டும். மறுபக்கம் புது உத்தரம் ஏற்றுவார்கள், அதை பி1என்பி காட்டும். 2011இல் எலும்புப்புரைக்கான (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) சர்வதேச அமைப்பும் மருத்துவ வேதியியலாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து, எலும்பு மாற்றத்தை அளக்க இந்த இரண்டையும்தான் பொதுக் குறியான்களாகப் பரிந்துரைத்தன. அவர்கள் சொன்னது எலும்புப்புரைக்கு. மூட்டுத் தேய்மானத்துக்கு அல்ல.

680க்குப் பக்கத்தில் ஏன் அம்புக்குறி? அறிக்கையில் கொடுத்திருக்கும் இயல்பளவைப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் ஒரு அளவுமுறையில், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு மேல் எல்லை சுமார் 570, நின்றவர்களுக்குச் சுமார் 1,000. உங்கள் தாளில் மேல் எல்லை 570ஐ ஒட்டி அச்சாகியிருந்தால், 68 வயது ஆச்சியை நாற்பது வயதுப் பெண்ணின் கோலால் அளந்திருக்கிறார்கள். சரியான கோலை வைத்தால் 680 எல்லைக்குள்தான் இருக்கிறது. பி1என்பி 62உம் அந்த வயதுக்கு இயல்பே. இறக்குவதும் ஏற்றுவதும் கொஞ்சம் சுறுசுறுப்பாக, ஆனால் இரு பக்கமும் ஒத்து நடக்கிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பவர் யாரும் கரைகிறது என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டார்.

இனி ரத்தம் எடுத்த நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி அறிக்கைகள் கெடுவது இங்கேதான். சிடிஎக்ஸ்-1 பின்னிரவிலும் விடியற்காலையிலும் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் அடிமட்டத்துக்கு வரும். சாப்பிட்டால் சட்டென்று இறங்கும். அதனால் இரவு முழுக்கப் பட்டினி, காலை எட்டிலிருந்து பத்துக்குள் ரத்தம் என்பது விதி. பி1என்பிக்குச் சாப்பாடு பெரிய பொருட்டு இல்லை. சிடிஎக்ஸுக்கு அதுவே முதல் பொருட்டு.

சில வருடம் முன்பு கண்டனூரில் ஒரு ஆச்சிக்கு நானே போய் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. எலும்புப்புரைக்கு மாத்திரை தொடங்கி ஆறு மாதம், பலன் பார்க்க சிடிஎக்ஸ் கேட்டிருந்தார் மருத்துவர். நான் போய்ச் சேர மணி எட்டேகால். முகப்பைத் தாண்டிப் பட்டாலையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். "வெறும் வயிறுதானே ஆச்சி?" என்றேன். "ஒண்ணும் சாப்பிடலப்பா, காப்பி மட்டுந்தான்" என்றார். பக்கத்தில் கவிழ்த்திருந்த டம்ளரையும், அதன் அருகே இலை நறுக்கில் மிச்சமிருந்த பணியாரத் துணுக்கையும் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "ரெண்டே ரெண்டு. விளக்கேத்திட்டு வாய்ல போட்டேன், பேத்தி குடுத்துச்சு" என்றார். குழாயை எடுக்காமலே பையை மூடிவிட்டு, மறுநாள் ஏழே முக்காலுக்குத் திரும்பப் போனேன். முதல் நாளே எடுத்திருந்தால் எண் குறைவாக வந்திருக்கும். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று மருத்துவர் நினைத்திருப்பார். அந்தக் குறைவில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, பணியாரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட உலகத்தில் எந்தக் கருவியும் கிடையாது.

உங்கள் ஆத்தாவிடம் ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு என்றால் 680க்கு அந்த நேரமே ஒரு காரணம்.

காம்ப் இன்னும் சலனமானது. குருத்தெலும்பின் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் புரதம் அது. தசைநாணிலும் மூட்டின் உள்ளுறையிலும் அதுவே இருக்கிறது. மூட்டில் பாரம் விழும்போதெல்லாம் கொஞ்சம் ரத்தத்துக்குக் கசிகிறது. நோயே இல்லாதவர்கள் அரை மணி நேரம் நடந்தாலே சுமார் 10 சதவீதம் ஏறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு ஓடி முடித்த பிறகும் நெடுநேரம் கூடுதலாகவே நிற்கிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடந்து போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஊர் திரும்பிய மறுநாள் அவர்களில் யாருக்காவது காம்ப் பார்த்தால் என்ன ஆகும்? நல்ல மூட்டு உள்ளவருக்கும் அம்புக்குறி வரலாம். ஆச்சி தினமும் காலையில் கோயிலுக்கு நடந்துபோய் வருபவரா? வந்து உட்கார்ந்த உடனே ரத்தம் எடுத்தார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் காம்ப் எண்ணைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்பவரை நீங்கள் நம்பவும் வேண்டாம்.

ஹயலுரோனிக் அமிலத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். மூட்டின் உள்ளுறை சுரப்பது. படுக்கையை விட்டு எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஏறும். ரத்தத்திலிருந்து அதை வடித்தெடுப்பது கல்லீரல், அதனால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் கூடும். கொஞ்சம் கூடுதல் என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

எண்ணைக் குழப்பும் வேறு சிலவும் உண்டு. ஆச்சிக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்து சிறுநீரகம் தளர்ந்திருந்தால் சிடிஎக்ஸ் துண்டுகள் வெளியேறாமல் தேங்கிக் கூடுதலாகக் காட்டும். ரத்தக் கிரியேட்டினின் எவ்வளவு என்று பழைய அறிக்கையில் பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் விழுந்து எங்காவது எலும்பு முறிந்திருந்தால் முறிவு ஆறும்போது எலும்புக் குறியான்கள் மாதக்கணக்கில் ஏறியே நிற்கும். ஸ்டீராய்டு மாத்திரை பி1என்பியைக் குறைக்கும். முடி கொட்டுவதற்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் சிடிஎக்ஸைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பயோட்டின் பரிசோதனை முடிவுகளைக் குழப்புவது பற்றி 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. ரத்தம் எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்தச் சொல்வது எங்கள் வழக்கம்.

இவ்வளவு ஓட்டை இருக்கிறதென்றால் எதற்காக இதையெல்லாம் கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கூட்டத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் குறியான்களுக்கு மெய்யான மதிப்பு இருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தபோது, சிடிஎக்ஸ்-2 மிகக் கூடுதலாக இருந்த கால் பங்கினரின் முழங்காலிலும் இடுப்பிலும் தேய்மானம் முன்னேறும் வாய்ப்பு, மிகக் குறைவாக இருந்தவர்களை விடப் பல மடங்கு இருந்தது. அமெரிக்காவில் 600 பேரை எடுத்து, எக்ஸ்ரேயிலும் வலியிலும் மோசமானவர்களையும் மோசமாகாதவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்விலும் சிடிஎக்ஸ்-2 உள்ளிட்ட சில குறியான்கள் முன்னேற்றத்தோடு தொடர்பு காட்டின. ஆனால் யார் மோசமாவார், யார் ஆகமாட்டார் என்று ஆளுக்கு ஆள் பிரித்துக் காட்டும் திறன் சுமாராகவே இருந்தது, பலவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும்.

கூட்டத்துக்குப் பொருந்துவது ஏன் ஒருவருக்குப் பொருந்தவில்லை? செட்டிநாட்டில் பழைய வீடுகள் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் குடியில்லாத வீடுகள் குடியிருக்கும் வீடுகளை விடச் சராசரியாகச் சீக்கிரம் சிதையும், இது நமக்குத் தெரியும். ஆனால் பூட்டிக் கிடந்தும் ஓடு ஒன்று கூட நகராத வீட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். பூட்டைப் பார்த்து ஒரு குறிப்பிட்ட வீட்டின் கூரை எப்போது விழும் என்று தேதி குறிக்க முடியாது. சிடிஎக்ஸ்-2உம் அப்படித்தான். மோசமாகிறவர்களின் எண்களும் மோசமாகாதவர்களின் எண்களும் பெரும் பகுதி ஒன்றின் மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன. ஆச்சியின் எண் எந்தக் குவியலிலிருந்து வந்தது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2006இல் ஆய்வாளர்கள் இந்தக் குறியான்களை வேலை வாரியாக வகைப்படுத்தினார்கள். நோயைக் கண்டறிவது, நோயின் சுமையை அளப்பது, வரப்போவதைச் சொல்வது, மருந்தின் பலனைக் காட்டுவது, இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருப்பது. ஒரே குறியான் எல்லா வேலைக்கும் ஆகாது என்பதே அந்த வகைப்பாட்டின் சாரம். மருந்து ஆராய்ச்சியில் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க சிடிஎக்ஸ்-2 உதவலாம். ஆச்சிக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க அது உதவாது.

இப்போது அந்தக் கொலாஜன் பவுடருக்கு வருகிறேன். "மூன்று மாதத்தில் சிடிஎக்ஸ்-2ஐ இறக்கிக் காட்டுகிறோம்" என்று கூடச் சொல்வார்கள். இதைக் கேட்டால் எனக்கு மனசு பொறுக்காது, ஏனென்றால் எண்ணை இறக்குவதும் முழங்காலைக் காப்பதும் ஒன்றல்ல என்று மிகத் தெளிவாகச் சோதித்துப் பார்த்தாயிற்று. ரிசெட்ரோனேட் என்ற எலும்பு மருந்தை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முழங்கால் தேய்மானக்காரர்களுக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2006இல் வந்தது. சிடிஎக்ஸ்-2 நன்றாக இறங்கியது. மூட்டு இடைவெளி குறைவது நிற்கவில்லை. வலியும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களை விடக் குறையவில்லை. வாய்வழிக் கால்சிடோனின் என்ற இன்னொரு எலும்பு மருந்துக்கும் இதே கதிதான்: குறியான்கள் இறங்கின, பெரிய பரிசோதனையில் முழங்கால் தப்பவில்லை. கடைத்தெருவில் தூண்கள் வருவது குறைந்துவிட்டது என்பதற்காக வீடு பிரிப்பது நின்றுவிட்டது என்று ஆகாது.

கொலாஜன் பவுடர் வயிற்றில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் செரிக்கிறது. அது நேரே போய் முழங்காலில் பூச்சுப் பூசும் என்று நம்பக் காரணம் இல்லை. மூட்டில் போடும் ஹயலுரோனிக் ஊசியைப் பற்றி 2022இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, வலியில் கிடைக்கும் நிவாரணம் நோயாளி உணரும் அளவுக்குக் கூட இல்லாத சிறு அளவே என்றது. இந்த இரண்டுக்கும் மாதாமாதம் போகும் பணத்தை நல்ல இயன்முறை மருத்துவர் ஒருவருக்குக் கொடுங்கள்.

சரி, கவனிக்க வேண்டிய எண்ணுக்கு வருவோம். வைட்டமின் டி 14. இருபதுக்குக் கீழே என்றால் குறைபாடு. வெயில் கொளுத்தும் நம் ஊரில் எப்படி என்று கேட்பார்கள். வளவுக்குள் வெயில் விழுகிறது, ஆச்சி நிழலில் இருக்கிறார், வெளியே போனால் சேலை மூடியிருக்கிறது, வயதான தோல் வைட்டமின் டி செய்வதும் குறைவு. இது குறைந்தால் உடம்பு பாராதைராய்டு ஹார்மோனைக் கூட்டி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், எலும்பு மாற்றம் வேகமெடுக்கும், சிடிஎக்ஸ்-1 ஏறும், அதோடு கைகோத்து சிடிஎக்ஸ்-2உம் ஏறலாம். அந்தத் தாளில் இருக்கும் இரண்டு அம்புக்குறிகளுக்கு இதுவே பாதி விடையாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் கேட்டு இதைச் சரிசெய்யுங்கள். கூடவே கால்சியமும் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸும் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: வைட்டமின் டி கொடுப்பது எலும்புக்காகவும் தசைக்காகவும். அதனால் முழங்கால் தேய்மானம் நிற்கும் என்பது பரிசோதனைகளில் நிரூபணமாகவில்லை.

இன்னொன்று, 65 தாண்டிய பெண்ணுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒருமுறை எடுத்தாக வேண்டும். டெக்ஸா ஸ்கேன் என்று கேளுங்கள், மதுரையிலோ திருச்சியிலோ எடுக்கலாம். தேய்மானம் வேறு, எலும்புப்புரை வேறு. முன்னது வலிக்கும். பின்னது சத்தமே இல்லாமல் இருந்து, வழுக்கி விழுந்த அன்றைக்கு இடுப்பை முறிக்கும். செட்டிநாட்டு வீட்டின் உயரமான படிகளும், கழுவிவிட்டால் வழுக்கும் தரையும், வயதானவர்கள் தனியாக இருக்கும் பெரிய வீடும் சேர்ந்தால் எனக்கு முழங்காலை விட இடுப்பைப் பற்றித்தான் கவலை அதிகம்.

முழங்காலுக்கு வருகிறேன். 45 வயதுக்கு மேல், நடந்தால் வலி, காலை விறைப்பு இல்லை அல்லது அரை மணிக்குள் விடுகிறது என்றால், எக்ஸ்ரே கூட இல்லாமலே தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்பது பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல். ஆச்சியின் சிஆர்பி, ஆர்ஏ ஃபேக்டர் சரியாக இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் முழங்கால் சூடாகி வீங்கினால், காய்ச்சல் வந்தால், காலை விறைப்பு ஒரு மணி நேரம் தாண்டினால், படுத்திருக்கும்போதும் வலி விடாமல் குடைந்தால், திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போனால் அது வேறு கதை. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அப்போது மூட்டுத் திரவத்தை எடுத்துப் பார்ப்பது இந்தத் தொகுப்பு முழுவதையும் விடப் பயன் தரும்.

மற்றபடி செய்ய வேண்டியது தொடைத் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடித்து, பத்து எண்ணி இறக்குவதில் தொடங்கலாம். எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் இறக்கினாலே போதும்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. இரண்டாங்கட்டில் இருக்கும் பழைய கழிவறையில் குந்தி உட்காருவதை நிறுத்திவிட்டு மேற்கத்தியக் கழிவறை ஒன்று, பக்கத்தில் பிடிகம்பி. தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதற்குப் பதில் மேசை. வலி கூடுதலாக இருக்கும் காலுக்கு எதிர்க் கையில் கைத்தடி. வலிக்கு முதலில் மேலே தடவும் களிம்பு. மாத்திரையை மருந்துக் கடையில் சொல்லி வாங்க வேண்டாம், சிறுநீரகமும் வயிறும் தாங்குமா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பலன் பார்க்க, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று இன்றைக்கே குறித்துவையுங்கள். அதில் இடுப்புக்கும் தசைக்கும் பங்கு உண்டு, ஆனாலும் ஆச்சி எழுந்து நடமாடும் திறனை அந்த எண் நேராகக் காட்டும்.

சிடிஎக்ஸ்-2, காம்ப், ஹயலுரோனிக் அமிலம் மூன்றையும் திரும்ப எடுக்க வேண்டாம். சிடிஎக்ஸ்-1, பி1என்பி மட்டும், டெக்ஸாவில் எலும்புப்புரை என்று வந்து மருந்து தொடங்குவதாக இருந்தால், தொடங்குவதற்கு முன் ஒருமுறை, பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒருமுறை. இரண்டும் ஒரே ஆய்வகத்தில், ஒரே நேரத்தில். சிடிஎக்ஸ் 30 சதவீத அளவுக்காவது மாறியிருந்தால்தான் அதை மாற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கீழே இருப்பது அன்றாட ஏற்ற இறக்கம். வருகிறவரிடம் எடுத்த மணியைக் குழாயின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். ஆத்தாவிடம் முந்தின ராத்திரியே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்: ரத்தம் எடுக்க வருகிறவர் படியிறங்கிப் போகிற வரைக்கும் அடுப்பில் பால் வைக்க வேண்டாம்.